ராணியின் தாடைக்குக் கீழே ஒரு கோடு

1964, தை மாதத்து ஒரு சனிக்கிழமை. பகல் இரண்டரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். செஞ்சி பதினேழு மைல். டிக்கெட் எழுபது பைசா. சட்டைப் பையில் என்னுடைய 1840ஆம் வருடத்து விக்டோரியா ராணி வெள்ளி ரூபாய். ராணியின் தாடைக்குக் கீழே தலைமுடி அளவுக்கு மேடாக ஒரு கோடு. காதுக்கு மேல் கூந்தல் மழுங்கல். ‘யாரோ வார்த்த கள்ளக் காசு’ என்று சென்னையில் காசு சேர்க்கும் நண்பர்கள் சிரித்தே என் மானத்தை வாங்கிவிட்டார்கள். எனக்கோ அது நாணயச் சாலை அச்சில் விழுந்த விரிசலின் தடம் என்று பிடிவாதம். அதே கோடுள்ள இன்னொரு ரூபாய் செஞ்சி மணிலாக்கொட்டை வியாபாரி தரணேந்திர நயினாரிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் கடிதம் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பாதி வழியில் டயர் பஞ்சர்.

“கோட்டை எங்கயும் ஓடிடாது சார்” என்றார் கண்டக்டர்.

“வெயில் ஓடிடுமே!” என்றேன். சாய்ந்த வெயிலில்தான் காசின் மேடுபள்ளம் தெரியும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாலை ஐந்தரைக்கு நயினார் வீட்டை அடைந்தபோது சூரியன் ராஜகிரி மலைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னா சார் இவ்ளோ லேட்டு! கை கழுவுங்க, எல போட்டாச்சி” என்றார் நயினார்.

“முதலில் ரூபாயைப் பார்த்துவிடுகிறேனே. வெயில் போய்விடும்.”

“எங்களுக்கும் அதே வெயில்தான் சார். நாங்க ஜைனருங்க, பொழுது சாஞ்சிட்டா சாப்ட மாட்டோம். நீங்க சாப்டாம நாங்க உக்கார முடியாது. அப்புறம் வூட்ல எல்லாரும் பட்டினிதான்.”

எனக்கு வெட்கமாகிவிட்டது. இலைமுன் உட்காரப் போனேன். அவர் மனைவியோ சிரித்துக்கொண்டே இலையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

“மேல நல்லா வெயில் இருக்குது அண்ணே. ஒரு கையில சாப்டுங்க, ஒரு கையில பாருங்க.”

மொட்டைமாடியில் வலது கையில் கத்தரிக்காய்க் குழம்புச் சோறு, இடது கையில் லென்ஸ். நயினார் இரண்டு ரூபாய்களையும் வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தார். அதே இடத்தில் அதே கோடு! ஆனால் அவர் காசில் அது விளிம்புவரை நீண்டிருந்தது. கூந்தலும் இழை இழையாகத் தெரிந்தது. காசைப் பார்த்து வார்த்திருந்தால் கோடு வளராது. அச்சு விரிசல்தான் அடிக்க அடிக்க நீளும். என் காசில் அடி அழுத்தமாக விழாமல் கூந்தல் மழுங்கியிருக்கிறது, அவ்வளவுதான். “ஒரே அச்சு!” என்று நான் போட்ட கூச்சலில் குழம்பு வேட்டியில் கொட்டியது.

“ராணி எங்கயும் போவ மாட்டா. ரசம் ஆறுது” என்றார் அந்த அம்மாள்.

அவசரமாகக் குடித்துவிட்டு எழுந்தேன். சூரியன் மறைவதற்குள் அவர்களும் சாப்பிட்டு முடித்தார்கள்.

ஏழு மணி பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்த நயினார், தன் ரூபாயையும் என் கையில் வைத்தார்.

“ஒங்க சிநேகிதருங்களுக்குக் காட்டிட்டுக் கொண்டாந்து குடுங்க சார். வரும்போது பொழுதோட வாங்க.”

செஞ்சிக்குப் போய்க் கோட்டை ஏறாமல் திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சென்னையில் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த நண்பர்களை ஐந்து மணிக்கே வரச் சொல்லியிருக்கிறேன். மொட்டைமாடியில் இலை போடப் போகிறேன்.