குளச்சலில் வாங்கிய ஓவர்லாக்

சுனாமிக்கு அடுத்த வருடம், கடற்கரையிலிருந்து விலைக்கு வரும் எந்தப் பழைய சாமானையும் எங்கள் கருங்கல் பக்கத்தில் யாரும் நம்பி வாங்கமாட்டார்கள். ஃபிரிட்ஜோ மிக்சியோ, எது வந்தாலும் ‘உப்புத்தண்ணி கேறினதா இருக்கும்’ என்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் எனக்கு, துணிக்கு ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் தேவைப்பட்டது.

வீட்டிலிருந்தபடியே பக்கத்துப் பெண்களுக்கு நைட்டியும் சுடிதாரும் தைத்துக்கொண்டிருந்தேன். மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைக்கவும் ஆசை. சாதாரண மெஷினில் தைத்தால் ஓரத்தில் பிசிறு பிரியும். ஓரம் அடிக்கச் சந்தைப் பக்கத்துக் கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஓவர்லாக்கில் இருக்கும் கத்தி துணியோரத்தை நறுக்கிக்கொண்டேதான் தைக்கும் என்பது எனக்குத் தெரியும். இருந்தும், என் துணியை மட்டும் அந்தக் கடைக்காரர் கூடுதலாக நறுக்குகிறார் என்றே எனக்குத் தோன்றும்.

சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று மார்த்தாண்டத்துக்குப் போனேன். துணைக்கு மைனி வந்தாள். மைனி என் அண்ணன் மனைவி, என்னைவிடச் சந்தேகக்காரி. கடையில் பெரிய மேசையும் மோட்டாருமாக, கம்பெனிகளில் ஓடுகிற மாதிரி மெஷின்களாக நின்றன. ஓட்டிக் காட்டியபோது தரை அதிர்ந்தது. ஒன்றைப் புதிது என்றார்கள். மைனி நகத்தால் சுரண்டினாள். பச்சை பெயின்ட்டுக்கு அடியில் வேறொரு பச்சை தெரிந்தது. வெளியே வந்துவிட்டோம்.

பிறகுதான் குளச்சலில் ஒருத்தி வெளிநாட்டு மெஷின் விற்கிறாள் என்று கேள்விப்பட்டேன். கணவர் துபாயிலிருந்து கொண்டுவந்ததாம். மேசைமேல் வைத்துத் தைக்கிற அளவு, நாலு நூல் ஓடும், வீட்டுத் தையலுக்கும் போர்வை இணைக்கவும் தோதானது. எனக்கு அதுதான் வேண்டும். ஆனால் அது இருந்தது குளச்சலில்.

போய்ப் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மெஷின் பளபளப்பாக இருந்தது.

“தண்ணி கேறல்ல, அக்கா. சாமான் மாடியில இருந்துது,” என்றாள் நாங்கள் கேட்கும் முன்பே. “ஒரு நாளும் தைச்சதும் இல்ல. எனக்கு நூல் கோக்கவே தெரியாது.”

கேட்காமலே சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அவள் சாயா போட உள்ளே போனதும், மெஷினின் அடித்தட்டை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தேன். எண்ணெய் ருசிதான். நிமிர்ந்தால் அவள் வாசல்நிலையில் நிற்கிறாள்.

“உப்பு இருக்கா?” என்று கேட்டாள். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

அந்த வெட்கத்திலேயே பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் மைனி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது. நூல் கோக்கும் வரிசை பிடிபட்டது. முதலில் லூப்பர் என்கிற வளைந்த கொக்கிகள், கடைசியில்தான் ஊசிகள். வரிசை மாறினால் தையல் விட்டுவிடும். அதன்பிறகு ஒரு நாள் துணியோரத்தைக் கடித்துக் குதறத் தொடங்கியது. கத்தி நறுக்குவதற்குப் பதில் இழுத்தது. உப்பு உள்ளே வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவு செய்தேன். துருவைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் அவள் முகத்துக்கு முன்னால் நீட்ட வேண்டும் என்று ஊசிக்கு அடியிலிருக்கும் தகட்டைக் கழற்றினேன்.

துரு இல்லை. தகட்டுக்கு அடியில் இருந்தது பஞ்சு. நறுக்கிய துணியின் பொடி, அமுங்கி அமுங்கிக் கட்டியாகியிருந்தது. நான் தைத்தது மேலே கொஞ்சம்தான். ஊசியால் பிரிக்கப் பிரிக்க அடியில் கம்பளி, ஜீன்ஸ் நீலம், ஸ்வெட்டர் சிவப்பு, பட்டு ஜரிகை. எங்கள் ஊர்ச் சூட்டில் யார் ஸ்வெட்டர் தைக்கிறார்கள்? தைத்ததே இல்லை என்றவள் இதில் என்ன தைத்தாள்? யாருடைய மெஷின் இது? எங்கிருந்து எடுத்தது?

மெஷினையும் பஞ்சுக்கட்டியையும் எடுத்துக்கொண்டு மறுபடி குளச்சலுக்குப் போனேன். பஞ்சுக்கட்டியிலிருந்து சிவப்புக் கம்பளி நூல் ஒன்றை அவள் நகத்தால் பிரித்தெடுத்தாள்.

“ஒரு நாளும் தைச்சதில்லைன்னு சொன்னியளே,” என்றேன்.

“சுனாமி முகாமில தைச்சேன், அக்கா. வடக்க இருந்து லாரி லாரியா பழந்துணி வந்துது. எல்லாம் பெரிய ஆளுகளுக்கு உள்ளது. சின்னப் பிள்ளையளுக்கு மாத்துத்துணி இல்ல. அதான் இத ஆட்டோவில தூக்கிட்டுப் போயி, முகாம் இருந்த பள்ளிக்கூடத்தில வச்சு, எல்லாத்தையும் வெட்டிச் சின்னதாக்கினேன்.”

“அதச் சொன்னா என்ன? நல்ல காரியந்தானே?”

“நிவாரணத்துக்கு வந்த மெஷின நான் வீட்டுக்குக் கடத்திட்டேன்னு இங்க உள்ளவிய சொன்னாவ. துபாயில இருந்து வந்ததுன்னு சொன்னா யாரு கேக்கா? மெஷின வீட்டுல வச்சிருக்கவே பிடிக்கல்ல. தைச்சேன்னு சொன்னா நீங்களும் அதத்தான் கேப்பியன்னு நினைச்சேன்.”

அதைத்தான் நானும் கேட்க வந்திருந்தேன். அவள் அலமாரியைத் திறந்து எண்ணெய்த்தாளில் சுற்றிய புதுக் கத்தி ஒன்றை எடுத்துத் தந்தாள். மெஷினோடு சேர்ந்து வந்ததாம். “ஜிப்பும் பட்டனும் வெட்டிப் பழைய கத்தி கூர் போயிருக்கும். இதயும் முதல்லயே தந்தா ஏன் மாத்தணும்னு கேப்பியன்னு தரல்ல.”

வீட்டுக்கு வந்து கத்தியை மாற்றினேன். தையல் கோடு போட்ட மாதிரி வந்தது. மனம் மட்டும் முழுதாகத் தெளியவில்லை. கதையை நன்றாகச் சொல்லுகிறாள், உண்மையா என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மா குளச்சல்காரி. ஒரு நாள் மீனைக் கழுவிக்கொண்டே, முகாமில் ஒரு பெண் துணி தைத்தாளா என்று ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டேன்.

“என் பேத்திக்குப் பாவாடை அவ தைச்சதுதான் பிள்ளே,” என்றாள். சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டே, “பொறவு நாங்கதான் அவள ஏசினோம். நானும் ஏசினேன். அப்ப யாரப் பாத்தாலும் கள்ளியப் போலத்தான் தெரிஞ்சுது,” என்று சொல்லிக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

நைட்டித் துண்டுகளை நாலு நூலில் இணைத்து, நடுவில் பழைய போர்வை ஒன்றை வைத்து, நான் தைத்த முதல் துண்டுப்போர்வையைக் குளச்சலுக்குக் கொண்டுபோனேன். மைனி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

அந்தப் பெண் போர்வையை வாங்கவில்லை. “இப்ப மெஷினுக்கு என்ன கேடு?” என்றாள்.

“ஒண்ணும் இல்ல. நல்லா ஓடுது.”

“பின்ன எதுக்கு இது?”

சும்மாதான் என்றேன். அவள் நம்பவில்லை. போர்வையை நாற்காலியில் வைத்துவிட்டு, அவள் போட்ட சாயாவைக் குடித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோது அவள் அதைக் கையில் எடுத்துத் திருப்பி, தையல் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.