மாமா குடித்த நாள்

என் அம்மாவின் தம்பி வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளையும் விழுங்கியவரில்லை. ஆனாலும் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் குடிகாரர் என்றால் அவரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் அவருக்குக் கிடைத்த நாளில் நான் கூடவே இருந்தேன். சாட்சி சொன்னவளும் நான்தான்.

மாமா பம்பாயில் சில வருடம் ஓட்டல் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். என் அப்பா நகரத் துப்புரவுப் பணியில் நிரந்தரமாக இருந்ததால், அவர் சொல்லி மாமாவுக்கும் அங்கே தற்காலிகமாக வேலை கிடைத்தது. சில வாரங்கள் இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வார். மிளகு, சுக்கு மண்டிகள் இருக்கும் தெரு முழுவதையும் பெருக்கி, குப்பையை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, குளித்து, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு படகுத்துறைக்குப் போவார். திடீரென்று ஒரு நாள் காய்ச்சலில் படுப்பார். வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சிகூட இறங்காது. பிறகு எழுந்து, ஒன்றுமே நடக்காதவர் போல விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். என்ன நோய் என்று கேட்டால் பம்பாய்த் தண்ணீர் என்பார். ஒருத்தி வந்து வாய்க்கு ருசியாகப் பொங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அம்மாவின் வைத்தியம்.

அந்த ஒருத்தியை அம்மா பக்கத்து ஊரான சுள்ளிக்கல்லில் கண்டுபிடித்தாள். எங்களைப் போலவே, தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம். பெண் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்த்தாள். மாமா பெருக்கும் தெரு வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போவாள். அவள் வரும் நேரத்தில் மாமா தூசு கிளப்பாமல் விளக்குமாற்றை நிறுத்திவிடுவார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவதுண்டு. ஆனால் கல்யாணப் பேச்சை எடுத்தபோதெல்லாம் மாமா ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். கூச்சம் என்று அம்மா நினைத்தாள். அவரைக் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்பாவுக்கு அன்று வேலை. அம்மாவும் மாமாவும் நானும் நடந்தே போனோம். மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். சுள்ளிக்கல்லை நெருங்கியதும், பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு ஒரு சந்துக்குள் திரும்பினார். நேரமாகியும் ஆளைக் காணவில்லை. அம்மா என்னை அனுப்பினாள்.

கள்ளுஷாப்பின் பின்சுவர் ஓரமாக மாமா நின்றிருந்தார். கையில் ஒரு குப்பி. ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து ஓடையில் துப்பினார். மறுபடி ஊற்றினார், துப்பினார். மீதியை உள்ளங்கையில் எடுத்து, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது போலச் சட்டையின் மேல் தெளித்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் திடுக்கிட்டார். அப்புறம் எனக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"யாரு கேட்டாலும் மாமா குடிச்சாருன்னு சொல்லணும், கேட்டியா மோளே?"

"எதுக்கு மாமா?"

"ஒரு வெளையாட்டு."

எனக்கு விளையாட்டு என்றால் போதும்.

பெண் வீட்டு வாசற்படியிலேயே மாமா தடுமாறினார். நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, கொண்டுவந்து வைத்த சாயாவைக் கையால் தட்டிவிட்டார். கண்ணாடித் தம்ளர் உருண்டு கீழே விழுந்தது. அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை. இருமல் மருந்து சாப்பிட்டிருக்கிறான், அதுதான் இந்த வாடை என்று ஏதேதோ சொன்னாள். பெண்ணின் அப்பா அதை நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு மோளே. மாமா குடிச்சிருக்காரா?"

"ஆமா. கள்ளுஷாப்புக்குப் பின்னால நின்னு குடிச்சாரு. நான் பாத்தேன்."

மாமா என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை நன்றி இருந்தது. பள்ளிக்கூடத்தில் எந்த டீச்சரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். இனி நாங்கள் கிளம்ப வேண்டியதுதான் என்று எனக்கே புரிந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அவள் வந்தாள். தலை குனியவில்லை. கீழே கிடந்த தம்ளரை எடுத்துக்கொண்டே தன் அப்பாவிடம் சொன்னாள்.

"சாரமில்லப்பா, போகட்டும். நம்ம சந்துல குடிக்காத ஆம்பளை யாரு? இவரை நான் பாத்துக்கறேன்."

யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. அவள் அப்பா மறுபடி உட்கார்ந்தார். அம்மா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா எழுந்து நின்றார். தரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இந்தப் பொண்ணைப் புடிக்கல அக்கா" என்றார். நாக்கு குழறவில்லை, கால் ஆடவில்லை. தள்ளாட மறந்துவிட்டாரே என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

அவள் தம்ளரோடு உள்ளே போனாள். பிறகு வெளியே வரவில்லை.

அம்மா மாமாவோடு வெகுநாள் பேசவில்லை. செய்தி சந்து முழுக்கப் பரவியது. அந்தக் கெட்ட பெயர் மாமாவுக்குப் பயன்பட்டது என்பதுதான் வேடிக்கை. அதன்பின் அவர் படுத்தபோதெல்லாம் யாரும் காரணம் கேட்கவில்லை. மேஸ்திரி எங்கள் வீட்டு வாசலில் நின்று, "நேத்து கொஞ்சம் கூடிப்போச்சு, அல்லே?" என்று சிரித்துவிட்டுப் போவார். குடிகாரனுக்கு எங்கள் ஊரில் மன்னிப்பு உண்டு. ஆனால் ஆட்களை நிரந்தரமாக்கும்போது மட்டும் குடிகாரனை விட்டுவிட்டார்கள். அம்மாவும் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டேதான் அவருக்குக் கஞ்சி ஊற்றினாள்.

நான் கல்லூரியில் படிக்கும்போது மாமா ஒரேயடியாக இளைத்துப்போனார். அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கூட ஒருவர் வர வேண்டும் என்று சொன்னதால், வேறு வழியில்லாமல் அம்மாவிடம் வாய் திறந்தார். எச்ஐவி. பெண் பார்க்கப் போனதற்குச் சில மாதம் முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருவில் ஒருவர் அதே நோயில் இறந்து, பாடையைத் தூக்க ஆள் வராமல் கிடந்தார்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா" என்று அம்மா அழுதாள். பின்னாளில் என்னிடம் தனியாக, சொல்லியிருந்தால் அவனுக்குத் தட்டையும் பாயையும் தனியாக ஒதுக்கியிருப்பேன், உன்னை அவன் பக்கம் அண்டவிட்டிருக்க மாட்டேன் என்றாள்.

மாத்திரை மாமாவைக் காப்பாற்றியது. இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். இன்னும் தற்காலிக ஆள்தான், இன்னும் பெருக்குகிறார். நன்றாக இருக்கும் வாரங்கள் உண்டு. பாதம் எரிந்து தரையில் ஊன்ற முடியாத வாரங்களும் உண்டு. எப்போது எது வரும் என்று அவருக்கே தெரியாது. இந்த வயதிலும் குடியை விடவில்லையா என்று புதிதாக வந்த பையன்கள் கேட்கிறார்கள். மாமா சிரித்துக்கொள்கிறார்.

சுள்ளிக்கல்லிலிருந்து திரும்பிய அந்தப் பகலில், அம்மா எங்களை விட்டு வெகுதூரம் முன்னால் வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். மாமா என் கையைப் பிடித்தபடி மெல்ல நடந்தார்.

"அந்த அக்காவைப் புடிக்கலையா மாமா?" என்று கேட்டேன்.

"ரொம்பப் புடிச்சிருக்கு மோளே" என்றார். சொல்லும்போது அவர் குரல் குழறியது.

விளையாட்டு இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் கைதட்டிச் சிரித்தேன்.