காழ்ப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு

அகராதி அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘அட்டைக்காரர்’ என்பார்கள். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை என்று இருபத்திரண்டு வருடம் எழுதியவர். முன்பக்கம் பொருள், அதன் கீழே ஒரு வாக்கியம். பின்பக்கம் அந்த வாக்கியத்தை எங்கே, யார் வாயிலிருந்து கேட்டோம் என்ற குறிப்பு. உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்து வாக்கியம் எழுதக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். அதை வைத்து எத்தனையோ பேரைப் படாத பாடு படுத்தியிருக்கிறார்.

அப்படிப்பட்டவருக்கு வந்து வாய்த்தாள் பக்கத்து மேசைப் பெண். வீட்டில் வேறு மொழி பேசும் குடும்பம். தமிழை இருபது வயதுக்கு மேல் படித்தவள். சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய அட்டைகள் ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் பதிப்பாசிரியர் அறையிலிருந்து திரும்பி வந்தன. பஸ், மருந்துக்கடை, லிஃப்ட் என்று போகிற இடமெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு போவாள் போலிருக்கிறது. அட்டைக்காரருக்கு வயிறு எரிந்தது. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அவளைப் பற்றிய பேச்சுதான்.

"அந்தப் பொண்ணு உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"என்ன பண்ணல? நான் பொறந்ததுலேருந்து பேசுற மொழி. நேத்து வந்தவ எனக்குப் பாடம் எடுக்கிறா!"

அவள் பாடம் ஒன்றும் எடுக்கவில்லை. துணைப் பதிப்பாசிரியர் நாற்காலி காலியாகப் போகிறது, அது அவளுக்குத்தான் என்று அலுவலகத்தில் பேச்சு. அந்த நாற்காலிக்காகப் பதினைந்து வருடம் தவம் கிடந்தவர் இவர். பொறுக்க முடியாமல் ஒரு நாள் பதிப்பாசிரியர் அறைக்குள் நுழைந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வந்தார். கதவைச் சாத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுவாரம் ‘கா’ வரிசை அட்டைகள் சரிபார்க்க அவரிடம் வந்தன. எழுதியவள் அவள். காழ்ப்பு: மனதில் ஊறிப்போன வெறுப்பு; குறிப்பாக, ஒருவரை அறிவதற்கு முன்பே அவருடைய இனம், மொழி, ஊர் ஆகியவற்றை வைத்து வளர்வது. ஏதாவது தப்பு அகப்படாதா என்ற ஆசையோடு கீழே படித்தார்.

‘எனக்கு அவங்க மேல காழ்ப்பெல்லாம் இல்ல சார். அவங்க ஆளுங்களுக்கு நம்ம மொழி ஒட்டாதுன்னுதான் சொல்றேன்.’

அன்று பதிப்பாசிரியரிடம் அவர் சொன்னதே, ஓர் எழுத்துப் பிசகாமல். அவசரமாகப் பின்பக்கம் திருப்பினார். ‘அலுவலக அறை வாசல், நடுத்தர வயது ஆண்.’ அவ்வளவுதான் இருந்தது. கையெழுத்துப் போட்டால் அட்டை நேரே பதிப்பாசிரியர் மேசைக்குப் போகும். தள்ளினால் காரணம் எழுத வேண்டும்.

"இது வேணாம்மா," என்றார், அட்டையை அவள் பக்கம் நீட்டி. "இப்படியெல்லாம் யாரும் பேச மாட்டாங்க."

"என் காதால கேட்டேன் அண்ணே."

"யாரு பேசினாங்களாம்?"

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். "பேர் போட்டுடலாமா அண்ணே?"

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நாற்காலி போனது போனதுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வெட்கத்தில் செத்துப்போக வேண்டிய மனிதருக்கு அப்போதும் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு பொருத்தமான ஒரு வாக்கியம் அவருக்கு அமைந்ததே இல்லை. பேசியது அவர்தான், அட்டை அவளுடையது.