அம்மாவின் கட்டிலுக்கு மேலே

ஹாலில் ஆசாரி மெஷினில் பீடிங் அறுத்துக்கொண்டிருக்கிறார். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அழகுக்காக அடிக்கிற மரப்பட்டை அது. தூள் வாசனை வந்ததும் மனசு வடக்குத்து ஊரில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குப் போய்விட்டது.

அம்மா அப்போது எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். கட்டிலுக்கு மேலே, கூரையை ஒட்டி மூலை திரும்பி ஓடியது ஒரு விரிசல். பக்கத்து நிலக்கரி மைன்ஸில் வெடி வைக்கிற நேரம் வந்தால் செபமாலையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்ப்பாள்.

“பெருசாயிக்கினே வருதுங்க. செவுரு எம்மேல வுழுந்துடும். மூடிடுங்க.”

அப்பா மைன்ஸில் ஃபிட்டர். டாக்டர் கைவிரித்த பிறகு அவரால் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சாப்பிடாமல், இரும்பறுக்கும் ரம்பத்தால் தேக்கு பீடிங்கை அறுத்தார். மூலையில் சேர வேண்டிய இரண்டு துண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து அறுத்துவிட்டார். மறுபடி அறுத்ததில் ஒன்று குட்டையாகிவிட்டது. விரிசலை மறைத்து அடித்துவிட்டு, இடைவெளியில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்தார்.

“இப்ப தெரியுதா?”

“தெரியலீங்க,” என்றாள் அம்மா. அதன்பிறகு விரிசலைப் பற்றி அவள் பேசவே இல்லை.

அடக்கம் முடிந்த அன்று அந்தக் கட்டிலில் படுத்தேன். மேடுபள்ளமான சுவரில் ஒட்டாமல் பீடிங் விலகி நின்றது. தலையணையிலிருந்து பார்த்தால், அந்தச் சந்து வழியாக விரிசல் முழுசாகத் தெரிந்தது. அப்பாவை அந்தக் கட்டிலில் ஒருநாளும் நான் படுக்க விடவில்லை.

“வேல முடிஞ்சிதும்மா, வந்து பாருங்க,” என்கிறார் ஆசாரி. நான் தரையில் படுத்துப் பார்க்கிறேன்.