ரேலீன் பேசினால் எத்தனை பேர் கேட்பார்கள்?

ரேலீன் பெங்கிலியை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். ஆஸ்திரேலியாவில், போர்ட் அகஸ்டாவில் நான் லாரி ஓட்டிய சரக்குக் கம்பெனியில் எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே இறக்க வேண்டும் என்று பார்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடம் அந்த மேசையில் இருந்தாள். பெர்த்துக்குப் போகும் வழியில் நான் எங்கே தூங்கினேன், எங்கே தூங்காமல் பொய் சொன்னேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

கம்பெனி அந்தக் கிளையை மூடியபோது அவளுக்கு வயது ஐம்பத்து நான்கு. நாங்கள் வேறு வேறு கம்பெனிகளில் சேர்ந்துகொண்டோம். ஆனால் பழக்கம் விடுமா? வழியில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நிறுத்தி அவளைத்தான் கூப்பிட்டோம். லோடு பற்றிப் பேச ஒன்றுமில்லை, சும்மா பேசினோம். ஒரு மாதம் அதைப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, ஒவ்வொருவனிடமும் தனித்தனியாகப் பேசுவதை விட எல்லோரிடமும் ஒரே தடவையில் பேசிவிடலாம், அதையே தொழிலாகவும் செய்யலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்படித்தான் பாட்காஸ்ட் ஆரம்பித்தாள். அதற்கு அவள் வைத்த பெயர், 'அடுத்த டீ நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர்'.

முதல் பகுதியைக் கேட்டவர்கள் பதினேழு பேர். அதில் நாலு பேர் அவள் கூடப் பிறந்தவர்கள். நானும் கேட்டேன். வானிலை அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. ஒன்பது பகுதி வரை பொறுத்துவிட்டு நேரில் போய்ச் சொன்னேன்.

"ரேலீன், யாரோ ஒரு பொம்பள பேசுற மாதிரி இருக்கு. லோடு லேட்டாச்சுன்னா என்னைய ஒரு பிடி பிடிப்பியே, அந்தக் குரல் எங்க போச்சு?"

தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோபம்தான் என்று நினைத்தேன். மறுநாள் பார்த்தால் ஒன்பது பகுதிகளையும் அழித்துவிட்டு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தாள். அந்தப் புது முதல் பகுதியில் முதல் வசவு எனக்குத்தான் விழுந்தது.

அவள் வீடு நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. யாருக்காகப் பேசுகிறாளோ அவர்களுடைய லாரிகளே பேச்சைக் கெடுத்தன. அவள் கணவர் மெர்வ் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். துணி துவைக்கும் அறையின் சுவர்களில் ஆட்டு ரோமம் அடைத்த கோணிகளைத் தொங்கவிட்டார். ஆனாலும் மூன்று பெட்டி கோத்த லாரி போனால் தரையே அதிரும். அதனால் பதிவு நடக்கும்போது மெர்வ் ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வளைவில் லாரி தலைகாட்டினால் கையைத் தூக்குவார். உள்ளே அவள் வாக்கியத்தின் நடுவில் நிறுத்துவாள். கை இறங்கியதும் அதே மூச்சில் தொடருவாள். ஒட்டு எங்கே என்று இன்றுவரை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஒரு மணி நேரப் பேச்சைச் செதுக்கிச் சரிசெய்ய அவளுக்குப் பதினொரு மணி நேரம் ஆகும். அதையும் தானே முட்டி மோதிக் கற்றுக்கொண்டாள். காலையில் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை, அது முடிந்து வந்ததும் இது.

கதைகள் வீடு தேடி வரவில்லை. மாதத்தில் ஒரு வாரம் மெர்வுடைய வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கே செடுனாவையும் தாண்டிப் போவாள். டீசல் போட நிற்கிறவனிடம் மைக்கை நீட்டுவாள். பத்து பேரில் ஏழு பேர் முடியாது என்பார்கள். மிச்ச மூன்று பேரில் ஒருவன் மர மாதாகோவில் ஒன்றை அப்படியே லாரியில் ஏற்றி அறுநூறு கிலோமீட்டர் கொண்டுபோனவனாக இருப்பான். இன்னொருவன் நாற்பத்து மூன்று வயதில், வழிக் கடைகளின் விலைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கற்றவன். நிகழ்ச்சியில் அவன் அதைச் சொல்லும்போது நான் வண்டியை ஓரம் கட்டினேன். கண் சரியாகத் தெரியவில்லை.

வாராவாரம் புதுப் பகுதி வருவது செவ்வாய் காலை ஆறு மணி என்றால் ஆறு மணி. மெர்வுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த வாரத்தில்கூட அடிலெய்டு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தத்தில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து பேசினாள். அன்றைக்கு அவள் குரல் ஒரே ஒரு இடத்தில் தடுமாறியது. அதை வெட்டாமல் விட்டிருந்தாள்.

ஆனால் தொழில் என்றால் விளம்பரம் வேண்டும். நாற்பத்தோரு கம்பெனிகளுக்கு எழுதினாள், போன் செய்தாள், நேரில் போனாள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. எத்தனை பேர் கேட்கிறார்கள்? கணக்குக் காட்டும் திரையில் அறுநூற்று நாற்பது என்று இருந்தது. உண்மை அது இல்லை என்று எங்களுக்குத் தெரியும். பாலைவனச் சாலையில் சிக்னல் கிடையாது. அதனால் ஊரில் ஒருவன் போனில் இறக்கிக்கொள்வான், டிப்போவில் இருக்கும் மற்றவர்கள் அவனிடமிருந்து நகல் எடுத்துக்கொள்வார்கள். இதைச் சொன்னால் எந்தக் கம்பெனி நம்பும்? தானாக முன்வந்தது ஒரு பந்தயக் கம்பெனி மட்டும்தான். சூதாட்டத்தில் தங்கள் வீடு போன கதையை மூன்று ஓட்டுநர்கள் அவளிடம் மனம் விட்டுச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று சொல்லி அதை மறுத்துவிட்டாள்.

ஊரின் பெரிய டயர்க் கடை கிளெம் நோஸ்கேயுடையது. அவரிடம் நாலாவது முறையாகப் போனாள். அவளும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள்.

"அறுநூத்தி நாப்பதா? என் கல்யாணத்துக்கே அதைவிட ஜாஸ்தி பேரு வந்தாங்க ரேலீன்" என்றார் நோஸ்கே.

"வந்தவங்க சோத்துக்கு வந்தாங்க, கிளெம். இவங்க எனக்காக வராங்க."

"அதைக் காட்டு. அப்புறம் பேசலாம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை நிகழ்ச்சியின் கடைசியில் அவள் சொன்னாள்: "போர்ட் அகஸ்டால கிளெம் நோஸ்கே டயர்க் கடையைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை ஹாரன் அடிங்கப்பா. ரெண்டாவது தடவை எவன் அடிச்சாலும், யாருன்னு எனக்குத் தெரிஞ்சுடும்."

புதன்கிழமை இரண்டு ஹாரன்தான் கேட்டது. அதில் ஒன்று என்னுடையது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இறக்கிக்கொண்டு, நகல் எடுத்து, கேட்டு, இந்த ஊருக்கு வந்து சேர நாள் ஆகும் அல்லவா? வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது. பெர்த்திலிருந்து வருகிறவன் அடித்தான், டார்வினிலிருந்து இறங்குகிறவன் அடித்தான், கால்நடை ஏற்றியவன், பெட்ரோல் ஏற்றியவன், யாரென்றே எங்களுக்குத் தெரியாதவர்கள் எல்லாம் அடித்தார்கள். சனிக்கிழமை நூற்றுப் பதினெட்டு வரை எண்ணிவிட்டு நோஸ்கே எண்ணுவதை விட்டுவிட்டார். அவருடைய நாய் டயர் அடுக்குக்குப் பின்னால் போய் வர மறுத்தது. பக்கத்துப் பல் டாக்டர், நோயாளி வாயில் கை வைக்க முடியவில்லை என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஒரு பெண் கான்ஸ்டபிள் ரேலீன் வீட்டுக்கு வந்தார். ஊரில் காரணமில்லாமல் ஹாரன் அடிப்பது குற்றம், அதைத் தூண்டுவதும் சரியில்லை என்று மரியாதையாகவே சொன்னார். ரேலீன் தன் தவறை ஒப்புக்கொண்டாள். பல் டாக்டர் வீட்டுக்குப் போய் மன்னிப்பும் கேட்டாள். மறுநாள் நிகழ்ச்சியை ஆரம்பிக்கும்போதே சொல்லிவிட்டாள்: "ஹாரன் போதும். தப்பு என்னோடது. இனிமே அடிக்காதீங்க."

புதனும் வியாழனும் ஹாரன் மெல்லக் குறைந்தது. சனிக்கிழமை ஒன்றுகூட இல்லை. நோஸ்கே கடையை விட்டு இறங்கி ரோட்டோரம் வந்து நின்றார். லாரிகள் வழக்கம்போல் வந்தன. ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் வணக்கம்போல் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றாராம். பிறகு நேராக அவள் வீட்டுக்கு வந்தார். அப்போது நான் மெர்வோடு கொல்லையில் தண்ணீர்க் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"ஹாரன் அடிச்சதுக்கு நான் அசரல ரேலீன். குஷி வந்தா எவனும் அடிப்பான். நிறுத்துன்னு சொன்னா நிறுத்துறான் பாரு, அதுக்குத்தான் வந்தேன். என் கடைப் பசங்க எட்டு பேரு. நான் சொல்லி ஒருத்தன் கேக்க மாட்டேங்குறான்."

"விளம்பரத்தை நான்தான் எழுதுவேன், கிளெம். உன் டயர் வெடிச்சுதுன்னு எவனாவது சொன்னா அதையும் நிகழ்ச்சியில சொல்லுவேன்."

"வெடிக்காது" என்றார் நோஸ்கே. ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு ஹாரன் கதை ஊர் ஊராகப் போயிற்று. முன்பு பதில்கூடப் போடாத கம்பெனிகளில் மூன்று தாமாகவே கூப்பிட்டன. பள்ளிக்கூடத் தரை துடைப்பதை அவள் விட்ட அன்று, நிகழ்ச்சி தொடங்கி மூன்று வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. முதுகு போய் லாரி ஓட்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த டல்ஸி என்ற பெண்ணுக்கு ஒலியைச் செதுக்கும் வேலையைக் கற்றுக் கொடுத்துச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டாள். இப்போது அந்தத் திரையில் பத்தொன்பதாயிரம் காட்டுகிறது. நகல் எடுக்கிறவர்கள் இன்னும் அதில் சேர்த்தி இல்லை.

போன வருடம் அடிலெய்டில் சிறுதொழில் செய்கிறவர்கள் அவளைப் பேச அழைத்தார்கள். நாங்கள் பதினோரு ஓட்டுநர்கள் போய்க் கடைசி வரிசையில் சட்டைக் கழுத்து இறுக உட்கார்ந்திருந்தோம். பாட்காஸ்டில் ஜெயிக்க என்ன வேண்டும் என்று ஒரு பெண்மணி எழுந்து கேட்டார்.

"இருநூத்திப் பன்னெண்டு செவ்வாய்க்கிழமைம்மா" என்றாள் ரேலீன். "அதுல ஒண்ணைக்கூட விடாம இருந்தா, இருநூத்திப் பதிமூணாவது கொஞ்சம் சுலபமா இருக்கும்."

கூட்டம் சிரித்தது. நாங்கள் சிரிக்கவில்லை. அவள் கணக்கு சரிதான் என்று எங்களுக்குத் தெரியும். என் பக்கத்து நாற்காலியில் யாரென்று தெரியாத ஒருவர் இருந்தார். "அவ எங்க ஆளுங்க" என்று அவரிடம் சொன்னேன்.

இரவு விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள். அன்று திங்கட்கிழமை. மறுநாள் பகுதியில் கடைசி ஆறு நிமிடம் இன்னும் சரிசெய்யவில்லை என்று சொல்லிவிட்டு, கொடுத்த பூங்கொத்தை மெர்விடம் நீட்டி, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.