இசக்கிராஜா சொன்னதாக நான் எழுதியவை

போன வாரம் எங்கள் கல்லூரியின் இரண்டாம் மாடி வராந்தாவில் ஒரு பழைய இரும்பு அலமாரியைத் திறந்து போட்டிருந்தார்கள். அது இருந்த அறையை மாணவர்களுக்கான மனநல அறையாக மாற்றப் போகிறார்களாம். சுவருக்கு வெளிர்பச்சை அடித்தாகிவிட்டது. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும் மெத்தைப் பைகள் நான்கு வந்து இறங்கிவிட்டன. என்னை நிறுத்தியது அந்த அலமாரியிலிருந்து வந்த வாசனைதான். பத்துப் பன்னிரண்டு மழைக்காலம் ஊறி ஊறிக் காய்ந்த காகிதமும், யாரோ எப்போதோ போட்டுவைத்த நாப்தலின் உருண்டையும் கலந்த வாசனை. நல்ல வாசனை என்று சொல்ல மாட்டேன். "மேடம், இஸ்மே ஸே குச் சாஹியே க்யா?" என்று பியூன் கேட்டார். எனக்கு அதிலிருந்து ஒன்றும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. மாட்டுங்காவிலேயே பிறந்து, மாட்டுங்காவிலேயே படித்து, கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டினால் வெளியூர் என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவள். வடாலாவில் கல்லூரி வேலை என்றதும் அம்மா, "அவ்வளவு தூரம் தினம் போய்ட்டு வரணுமா?" என்றாள். பஸ்ஸில் கால்மணி நேரம். முதல் நாள் தயிர்சாதத்தோடு ஒரு தண்ணீர் பாட்டிலும், மயக்கம் வந்தால் முகர ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்தனுப்பினாள் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் மனநல அறை என்று ஒன்று கிடையாது. அதற்குப் பதில் ‘மென்டார்’ திட்டம் இருந்தது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் நாற்பது மாணவர்கள். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, வீட்டில் எப்படி, உடம்பு எப்படி, மனசு எப்படி, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் விசாரித்து, அவர்கள் சொன்னதை ஒரு படிவத்தில் எழுத வேண்டும். அந்தப் படிவங்கள் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம்தான் அந்த அலமாரி. நல்ல திட்டம். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். யாரும் அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். எங்களுக்கு விடைத்தாள் திருத்தவே நேரம் போதவில்லை. பாதிப் பையன்கள் மதியம் ஆனதும் கூரியர் கம்பெனிக்கும் கால் சென்டருக்கும் ஓடிவிடுவார்கள்.

பிப்ரவரியில் ஆய்வுக் குழு வருகிறது என்று அறிவிப்பு வந்தது. குழு முதலில் கேட்பது மென்டார் படிவங்களைத்தான். எங்கள் அறையில் மூத்தவர் ஜோஷி மேடம். இந்த மாதிரி இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்தவர். எல்லோருக்கும் வழி சொன்னார்: மாதத்துக்கு ஒரு பேனா. ஜூலைக்கு நீலம், ஆகஸ்டுக்குக் கறுப்பு, செப்டம்பருக்கு ஜெல். அப்போதுதான் ஒரே நாளில் எழுதியது போலத் தெரியாதாம். நான் கிங்ஸ் சர்க்கிளில் போய் ஏழு விதமான பேனா வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கு அதில் ஒரு உற்சாகம்கூட இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

மற்றவர்கள் எல்லாம், ‘பிரச்சினை ஒன்றுமில்லை, நன்றாகப் படிக்க அறிவுறுத்தப்பட்டது’ என்று நாற்பது தடவை எழுதினார்கள். எனக்கு அது அவமானமாகப் பட்டது. கதை எழுத வேண்டும் என்ற ஆசையை வெளியே சொல்லாமல் வைத்திருந்த வயது. ஆளுக்கு ஒரு வாழ்க்கை கொடுத்தேன். ஒருத்திக்கு மேடை பயம். ஒருவனுக்கு அண்ணனோடு சண்டை, பிறகு சமாதானம். ஜோஷி மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, நாவல் லிக் ரஹி ஹை க்யா?", நாவலா எழுதுகிறாய் என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முப்பத்தோராவது பெயர் இசக்கிராஜா. என் பட்டியலில் இருந்த ஒரே தமிழ்ப் பெயர். அதனாலேயே அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. முகத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. வருகைப் பதிவேட்டில் கணபதி விடுமுறைக்குப் பிறகு அவன் பெயருக்கு நேரே வரிசையாக ஆப்சென்ட். வேலைக்குப் போகிறான்போல என்று நினைத்துக்கொண்டேன். ஜூலையில், ‘அதிகம் பேசுவதில்லை.’ செப்டம்பரில், ‘என்னிடம் மனம்விட்டுப் பேசத் தொடங்கியிருக்கிறான்.’ நவம்பரில், ‘கூட்டம் பிடிக்கவில்லை என்கிறான். ரத்னகிரிக்குப் போய்க் கடலுக்குப் பக்கத்தில் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு இருக்க ஆசை.’ ஜனவரியில் பச்சை மையில், ‘இப்போது நன்றாகத் தூங்குகிறான்.’

ரத்னகிரி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது என் ஆசை. கோடை விடுமுறைக்குப் பாலக்காடு போகும்போது அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும். ஸ்டேஷனிலிருந்து கடல் தெரியாது. ஒருதரம் எதிர் சீட்டுக்காரர், இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கடல் இருக்கிறது என்று சொன்னார். இறங்கிப் போய்விட்டால் என்ன என்று பதிமூன்று வயதில் நினைத்தேன். அதைத்தான் தூக்கி அவன் வாயில் வைத்தேன்.

குழுவில் வந்த ஒரு வயதான அம்மையார் அந்தப் படிவத்தை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். ஒரு மாணவனின் மனசுக்குள் இப்படிப் போக வேண்டும் என்றார். கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் மாட்டுங்கா மார்க்கெட்டில் நான்கு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அத்தனை சந்தோஷம்.

மார்ச்சில் ஒருநாள் ஆபீஸ் கிளார்க் ஒரு பெண்மணியை என்னிடம் அனுப்பினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து கறுத்திருந்தது. தாராவியில் தோல்பைக்குக் கைப்பிடி ஒட்டும் பட்டறையில் வேலையாம். பெயர் வள்ளியம்மா.

"டீச்சர், நான் இசக்கிராஜாவுக்க அம்மா. கணபதி முடிஞ்ச நாலாம் நாளு வீட்ட விட்டுப் போனவன் டீச்சர். ஒரு சட்டையக்கூட எடுக்கல. போலீஸ்ல எழுதிக் குடுத்தாச்சு, ஒரு தாக்கலும் இல்ல. காலேஜுல கேட்டுப் பாப்போம்னு வந்தேன். அவன் மாசாமாசம் ஒங்ககிட்ட பேசினதயெல்லாம் எழுதி வச்சிருக்கியளாம். ஆபீஸ்ல சொன்னாவ."

கிளார்க் படிவத்தையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்பியிருந்தார். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. வாசித்துச் சொல்லச் சொன்னாள். நான் வாசித்தேன். எழுதியவளே தமிழாக்கி வாசித்தேன். நவம்பர் என்றதும் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நவம்பரா? அப்ப வீட்ட விட்டுப் போன பொறவும் இங்க வந்துட்டுத்தான் இருந்தானா?"

அந்த இடத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன் என்பது நிஜம். "அம்மா, இது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவள் கண் காகிதத்திலேயே இருந்தது. "பொறவு? பொறவு என்ன சொல்லுதான்?" என்றாள். ஜனவரியை வாசித்தேன். நன்றாகத் தூங்குகிறான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அது துக்க அழுகை இல்லை.

"தை மாசம் வர நல்லாத்தான் இருந்திருக்கான். எங்கிட்ட வாயே தொறக்க மாட்டான் டீச்சர். ஒங்ககிட்டயாவது பேசினானே." பிறகு காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். "இதுல ரத்னகிரிங்கிறது எது?"

தொட்டுக் காட்டினேன். அவளும் அந்தச் சொல்லைத் தொட்டுப் பார்த்தாள். படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து, பையன் போட்டோவோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டு போனாள். போலீஸ் ஸ்டேஷனிலும் அதைக் காட்டியிருக்கிறாள். ஜனவரி வரை கல்லூரிக்கு வந்திருக்கிறான், ஆள் நன்றாகத்தான் இருக்கிறான், தானே வருவான் என்று சொல்லி அவர்களும் தேடுவதை விட்டுவிட்டார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் பட்டறை விட்டதும் வருவாள். "வேற ஏதும் சொன்னானா டீச்சர்? யோசிச்சுப் பாருங்க." நான் யோசித்துச் சொன்னேன். நீங்கள் என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள், வெறும் கையோடு அவளை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. மழை பிடிக்கும் என்றான், உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வான் என்றேன். ஒருதரம், வத்தக்குழம்பு ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னான் என்றேன். எங்கள் வீட்டில் தினம் அதுதானே.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "வத்தக்குழம்பா? எங்க வீட்ல கருவாட்டுக்குழம்பு இல்லாம அவன் சோத்துலயே கைய வைக்க மாட்டானே." அப்புறம் அவளே வழி கண்டுபிடித்தாள். "நீங்க கொண்டாந்து குடுத்தியளா டீச்சர்?"

"ஆமாம்" என்றேன்.

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் காய்ந்த பசையின் வாடை வீட்டுக்குப் போயும் என் கையில் இருந்தது. அன்று ராத்திரி அம்மா வைத்த குழம்பைத் தொடவே இல்லை. அதற்கப்புறமும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் எனக்குப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அவள் மூன்று தடவை ரத்னகிரி போய்வந்தாள். துறைமுகத்தில், ஹோட்டல்களில், படகுக்காரர்களிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வந்து, "பெரிய ஊரு டீச்சர், இன்னும் பாதி பாக்கல" என்பாள். ஜூனில் மழை ஆரம்பித்ததும் வருவது நின்றுபோனது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அப்புறம் கல்யாணம், செம்பூருக்குக் குடிபோனது, குழந்தை. ஒருநாள் என் பெண் ஸ்கூல் பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் யாரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்களுக்கே தெரியும். மறுநாள் லீவு போட்டுவிட்டு, கல்லூரிப் பதிவிலிருந்து முகவரியை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகப் போகிறேன். எங்கள் மாட்டுங்கா வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிற இடம்.

இரண்டு பேர் ஒதுங்கிப் போக முடியாத சந்து. அந்த எண்ணுள்ள கதவில் வேறு யாரோ குடியிருந்தார்கள். பக்கத்து வீட்டு பாத்திமா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுத்தார். ராமநாதபுரத்துக்காரர்.

"வள்ளியக்காவா? அவுக ரத்னகிரிக்கே போயிட்டாகளே. ஆச்சு மூணு வருசம். அங்க மீன் காயப்போடுற எடத்துல வேலையாம். ‘எம் மவன் அங்கதான் இருக்கணும்னு ஆசப்பட்டான், எப்படியும் அங்க வருவான், டீச்சர் எழுதிருக்காவ’ன்னு சொல்லிக்கிட்டே இருப்பாக."

விலாசம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. பூட்டிய வீட்டின் சாவியை மட்டும் ஒரு வருஷம் பாத்திமாவிடம் கொடுத்து வைத்திருந்தாளாம். அப்புறம் வீட்டின் சொந்தக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார்.

டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவர் ஏதோ நினைத்துக்கொண்டவர்போலச் சொன்னார்: "சாவி எங்கிட்ட இருக்கையில ஒரு நாளு யாரோ ஒரு பையன் வந்து அந்தக் கதவு முன்னாடி நின்னான்னு பிள்ளைக சொன்னுச்சுக மேடம். நான் வேலைக்குப் போயிருந்தேன். தாடி வச்சிருந்தானாம். யாரு வேணும்னு இதுக கேட்டதுக்கு ஒண்ணும் சொல்லலயாம். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டானாம்."

யாராகவும் இருக்கலாம் என்று அவரும் சொன்னார், நானும் சொன்னேன். எவ்வளவு நேரம் நின்றான் என்று கேட்டேன். பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ரத்னகிரிக்கு இரண்டு முறை டிக்கெட் எடுத்தேன். இரண்டு முறையும் ரத்து செய்தேன். பாலக்காடு போகும்போது அந்த ஸ்டேஷன் வந்தால், பகலாக இருந்தாலும், மேல் பெர்த்தில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன். தாடி வைத்த ஆள் எவரையாவது வடாலா பிளாட்பாரத்தில் பார்த்தால் நின்றுவிடுகிறேன். அவனாக இருந்தாலும் எனக்கு அடையாளம் தெரியாது. நான் ஏழு மாதம் பேச வைத்தவனின் குரல் எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது.

அந்தச் சந்து இப்போது இல்லை. போன வருஷம் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். நீளத்துக்குத் தகரத் தடுப்பு அடித்திருந்தார்கள், உள்ளே மண்வாரி இயந்திரம் ஒன்று நின்றது. இறங்கிப் போய் விசாரித்தேன். பாத்திமா எங்கே போனார் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. கோவண்டிப் பக்கம் குடிபோயிருக்கலாம் என்றார் ஒருவர். இனி அவன் வந்தால், உன் அம்மா ரத்னகிரியில் இருக்கிறாள் என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. யாராவது சொன்னாலும், அம்மா ஏன் அங்கே போனாள் என்று அவனுக்கு விளங்காது. அந்த ஊர்ப் பெயரை அவன் ஒருநாளும் சொன்னதில்லை.