ஞானசெல்வி கொடுத்த ஞானஸ்நானம்

சிலமலையில் பிறந்த ஞானசெல்வி, போடிநாயக்கனூர் லுத்தரன் சபையின் வேதாகமப் பெண்ணாகப் பணியாற்றியவர். ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத் தொழிலாளர் வீடுகளில் வேதம் வாசித்து ஜெபிப்பது அவருடைய வேலை. எல்லாருக்கும் அவர் ‘பைபிளம்மா’. ஆனால், கோவிலில் பிரசங்கம் செய்யவோ ஞானஸ்நானம் கொடுக்கவோ அவருக்கு உரிமையில்லை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். அது ஆண்களுக்கு மட்டுமே. சுவீடனில் லுத்தரன் பெண்களுக்கும் அந்தப் பட்டம் கிடைக்கிறது என்று எங்கோ படித்த நாளிலிருந்து அவர் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

1979ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் போடிமெட்டுச் சாலை சரிந்தது. மேலே தோட்டத்தில் கருப்பம்மாளின் பச்சிளங்குழந்தை மூச்சுத் திணறியது. போதகர் வர வழியில்லை. ஞானசெல்வி ஒரு கும்பாவில் தண்ணீர் எடுத்து, ஜீவமணி என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆபத்து வேளையில் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம் என்பது லுத்தரன் முறை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. சிக்கலும் அங்கேதான் தொடங்கிற்று!

“பொழச்சுப்போச்சுல்ல? முறைப்படி போதகர் ஐயாவே இன்னொரு தடவை கொடுத்திரட்டும்” என்றார் சபைச் செயலர் வெள்ளைத்துரை.

இன்னொரு தடவை என்றால், முதல் தடவை ஊற்றியது வெறும் தண்ணீர் என்றல்லவா பொருள்? ஞானசெல்விக்குச் சோறு இறங்கவில்லை.

சாலை சீரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துப் பெண்கள் ஜீப் நிறைய வந்திறங்கினர். கோவிலில் பாய்கள் போதவில்லை. வெள்ளைத்துரை தம் கையாலேயே ஞானஸ்நானத் தொட்டியை நிரப்பி வைத்திருந்தார். போதகர் தங்கபாண்டியன் வழிபாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

“இந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்?”

ஞானசெல்வி எழுந்து நின்றார். “நான்.”

“எதைக் கொண்டு?”

“தண்ணீரைக் கொண்டு.”

“என்ன சொல்லி?”

“பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே என்று சொல்லி.” அவர் குரல் கடைசிச் சுவர்வரை கேட்டது.

போதகர் தொட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. “இந்த ஞானஸ்நானம் செல்லும். மறுபடி கொடுக்கலாகாது” என்று அறிவித்து, குழந்தையின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

பெண்கள் பக்கம் மகிழ்ச்சி அலை எழும்பியது போலிருந்தது. ஆராதனை முடிந்ததும் கருப்பம்மாள் வாசலிலேயே வழிமறித்தாள்.

“ஐயா, ஒரு சந்தேகம். ரோடு சரிஞ்சா பைபிளம்மா கை செல்லுது. ரோடு நல்லாருந்தா ஏன் செல்ல மாட்டேங்குது?”

“ரோட்டுக்கும் குருப்பட்டத்துக்கும் என்னாத்தா சம்பந்தம்?” என்று சீறினார் வெள்ளைத்துரை.

“அதத்தாண்ணே நானும் கேக்குறேன்!”

வெள்ளைத்துரையின் மனைவியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். போதகர் சிரிக்கவில்லை. “பொம்பளைகளுக்கும் குருப்பட்டம் கொடுக்கலாமான்னு மேலிடத்துக்கு எழுதிக் கேப்போம். யாருக்குச் சம்மதம்?” என்றார். முதலில் உயர்ந்தவை ஏலக்காய்க் கறை படிந்த கைகள். பிறகு ஆண்களின் கைகளும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. வெள்ளைத்துரை மட்டும் தொட்டித் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றப் போய்விட்டார்.

சாதகமான பதில் அந்தப் பத்தாண்டில் வரவில்லை. ஞானசெல்வி பட்டமின்றியே ஓய்வு பெற்றார். ஆனால், அவர் கொடுத்த ஞானஸ்நானத்தை எவரும் அழிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஜீப் மலையேறியது. ஜீவமணி ஞானசெல்வியின் மடியில் உறங்கினாள். கொண்டையூசி வளைவில் கருப்பம்மாள் கத்தினாள்: “பைபிளம்மா, ரோடு அடுத்து எப்பச் சரியும்?”

பெண்களின் சிரிப்பில் ஜீப்பே குலுங்கியது.